ஹாலோவீன் இரவில் முதல் ஆட்டம்: டேபிள்டாப் ஆர்.பி.ஜி.க்குப் புதியவர்களைக் கூட்டிவருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும். வருடம் முழுக்க "அந்தப் பகடை உருட்டுற விளையாட்டெல்லாம் எனக்கு வராதுப்பா" என்று நழுவிய நண்பர்கள்கூட, "பேய்க்கதை ஒண்ணு ஆடலாமா?" என்று கேட்டால் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு இரவை வீணாக்கிவிடாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம். சில வருடங்களாக ஹாலோவீனை ஒட்டிப் புதியவர்களுக்கென்றே ஓர் ஆட்டம் நடத்திவருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளும், நான் சொதப்பிக் கற்றுக்கொண்ட பதில்களும் கீழே. பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தப்போகிறவரை மனதில் வைத்து எழுதியது. ஆடப்போகிறவர் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

ஆர்.பி.ஜி. என்றால் ரோல்-பிளேயிங் கேம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை உண்டாக்குவது. ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர். மற்ற ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஒரு கேரக்டர். எதிரே என்ன இருக்கிறது என்று கேம் மாஸ்டர் சொல்வார், "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும். பெரும்பாலான ஆட்டங்களில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்த வகை ஆட்டம் பரவத் தொடங்கியது. இன்று இதற்குள் திகில், துப்பறிதல், காதல், கொள்ளை என்று எல்லாம் வந்துவிட்டது.

அதற்கு ஏன் ஹாலோவீன்? வேறு நாளில் ஆடக் கூடாதா?

தாராளமாக ஆடலாம். ஆனால் புதியவரைத் தடுப்பது ரூல்ஸ் அல்ல என்பது என் அனுபவம். "இந்த உலகத்துல நான் என்ன பண்ணணும்னே தெரியலையே" என்ற தயக்கம்தான் தடுக்கிறது. ஒரு கற்பனை ராஜ்யம், அதில் நாலு அரச வம்சம், ஏழு தெய்வங்கள், ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் என்று ஆரம்பித்தால், வந்தவர் பாடத்திட்டத்தைப் பார்த்த பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். பூட்டிய வீடு, அணைந்த விளக்கு, ஆளில்லாத மாடியில் காலடிச் சத்தம் என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. திகில் படம் பார்க்கும்போது "ஏய், அந்தக் கதவைத் திறக்காதே!" என்று கத்தாதவர் யார்? இங்கே அந்தக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவரையே கேட்கிறோம்.

ஹாலோவீனுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பழையதும்கூட. 1983-இல் வெளியான ரேவன்லாஃப்ட் என்ற ரத்தக்காட்டேரிக் கோட்டைச் சாகசத்தை எழுதிய டிரேசி ஹிக்மேன், லாரா ஹிக்மேன் தம்பதி, அச்சுக்குப் போகும் முன் ஹாலோவீன் சமயங்களில் அதை நண்பர்களோடு ஆடிப்பார்த்துத் தேற்றினார்கள். அந்தக் கோட்டையும் ஸ்ட்ராட் என்ற அதன் பிரபுவும் 2016-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்காக விரிந்த வடிவில் மறுபடி வந்தார்கள்.

எந்த ஆட்டத்தோடு ஆரம்பிப்பது?

வீட்டில் ஜெங்கா இருந்தால் டிரெட். யோசிக்கவே வேண்டாம்.

2005-இல் வந்த டிரெட்டில் பகடையே கிடையாது. ஜெங்கா கோபுரம்தான் பகடை. 54 மரக்கட்டைகள், மும்மூன்றாக 18 அடுக்கு. உங்கள் கேரக்டர் ஆபத்தான ஒன்றைச் செய்ய முயன்றால் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். வைத்துவிட்டால் நினைத்தது நடக்கும். உருவப் பயமாக இருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம், அப்போது காரியம் கெடும். கோபுரத்தைச் சாய்த்தவரின் கேரக்டர் கதையை விட்டுப் போய்விடும், பெரும்பாலும் பிணமாக. மொத்த ரூல்ஸும் ஏறக்குறைய இவ்வளவுதான். முதல் அரைமணி நேரம் எல்லாரும் சிரித்துக்கொண்டு உருவுவார்கள். இரண்டாவது மணியில் கோபுரம் தானாகவே லேசாக ஆடும், மேசையை யாரும் தொட மாட்டார்கள், ஒருவர் தும்மினால் மற்ற மூவர் முறைப்பார்கள். கேரக்டரின் பயத்தை ஆடுகிறவரின் விரலுக்கே கொண்டுவரும் இந்த உபாயத்துக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பகடைதான் வேண்டும் என்றால் மான்ஸ்டர் ஆஃப் தி வீக். பெயரே சொல்வதுபோல, வாரத்துக்கு ஒரு பிசாசைத் தேடிப்போய் ஒழிக்கும் தொலைக்காட்சித் தொடரின் பாணி. இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 என்றால் நடக்கும் ஆனால் கூடவே ஒரு வில்லங்கம் வரும், 6-ம் அதற்குக் கீழும் என்றால் நிலைமை மோசமாகும். கேரக்டரின் திறமைக்காகக் கூட்டும் எண் எதுவும் சேர்க்காமல் உருட்டினால் இருக்கும் 36 வாய்ப்புகளில் 6-இல்தான் முழு வெற்றி. 15-இல் வில்லங்கத்தோடு வெற்றி, மீதி 15-இல் சங்கடம். ஆக ஐந்தில் நாலு தடவைக்கும் மேல் ஏதாவது ஒரு சிக்கல் முளைத்துக்கொண்டே இருக்கும். கதை நடத்துகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கதுல்ஹு திகில் ஆர்.பி.ஜி.க்களின் தாத்தா. உங்கள் திறமைக்கு ஒரு சதவீதம் உண்டு, நூறுக்குள் உருட்டி அதற்குக் கீழே வரவேண்டும். நூலகத்தில் தேடும் திறமை 60 என்றால், 60-ம் அதற்குக் கீழும் வந்தால் கிடைத்தது. இதைப் புதியவர் நொடியில் புரிந்துகொள்வார். கேரக்டரின் புத்தி எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு, பார்க்கக் கூடாததைப் பார்க்கப் பார்க்க அது குறையும். இதன் சுருக்க ரூல்ஸ் இலவச பி.டி.எஃப்.ஆகவே கிடைக்கிறது. தி ஹாண்டிங் என்ற பேய்வீட்டுக் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

டென் கேண்டில்ஸ் (2015) பற்றியும் கேட்பார்கள். பத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடுவது, ஒவ்வொன்றாக அணையும், கடைசியில் எல்லாக் கேரக்டர்களும் சாவார்கள் என்பது ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அபாரமான ஆட்டம். ஆனால் இன்றுதான் முதன்முதலாக வந்திருப்பவரிடம் "எப்படியும் சாகப்போறீங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அதிலேயே திகில் ஆடினால் என்ன?

ஆடலாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள். அதில் கேரக்டர்கள் வீரர்கள். கையில் வாளும் மந்திரமும் உண்டு. பேய் வந்தால் முதல் கேள்வியே "அதுக்கு எவ்வளவு ஹிட் பாயிண்ட்?", அதாவது எவ்வளவு அடி தாங்கும், என்பதாகத்தான் இருக்கும். அடித்தால் சாகும் என்று தெரிந்த பேயிடம் என்ன பயம்? சாகசம் வேண்டும், பின்னணியில் கொஞ்சம் பனிமூட்டமும் ஓநாய் ஊளையும் போதும் என்றால் அருமையாகப் பொருந்தும். உண்மையிலேயே முதுகுத்தண்டு சிலிர்க்க வேண்டுமென்றால் கேரக்டர்கள் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்களாக இருப்பது நல்லது.

எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?

நடத்துகிறவரைத் தவிர மூன்று அல்லது நாலு பேர். ஆறு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் முறை வருவதற்குள் போன் கைக்கு வந்துவிடும். நேரம் மூன்று மணி, நடுவில் ஓர் இடைவேளை. ஒரே இரவில் தொடங்கி முடிவதாக இருக்க வேண்டும். இதை ஒன்-ஷாட் என்பார்கள். "மீதி அடுத்த வாரம்" என்று புதியவரிடம் சொன்னால் அந்த அடுத்த வாரம் வரவே வராது.

ரூல்ஸை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்காதீர்கள்.

முதல் வருடம் நான் செய்தது இது: நாலு பேருக்கும் வெற்று கேரக்டர் ஷீட் கொடுத்து, ஒவ்வொரு கட்டமாக விளக்கி, எண்களை நிரப்பவைத்து, சந்தேகம் தீர்த்து முடிக்கும்போது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. பேய் இன்னும் தலைகாட்டவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் நாசூக்காக மணி பார்த்தார். வருமான வரிப் படிவம் நிரப்ப ஆள் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

இப்போதெல்லாம் இரண்டே வாக்கியம் சொல்கிறேன்: "உங்க கேரக்டர் என்ன செய்றார்னு சொல்லுங்க. ரூல்ஸ் என்னோட கவலை." முதல் ஆபத்து வரும்போது, "சரி, இப்போ இந்தக் கட்டையை உருவணும்" என்றோ "இந்த இரண்டையும் உருட்டுங்க" என்றோ அந்த இடத்தில் காட்டுவேன். தேவைப்படும் நொடியில் கற்ற ரூல் மறப்பதில்லை. யாராவது ரூல் புத்தகத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுங்கள், அப்படிப்பட்ட ஆசாமிகளும் உண்டு. நானும் அந்த ரகம்தான்.

அப்படியானால் கேரக்டரை அவர்கள் உருவாக்கவே வேண்டாமா?

எண்களை நீங்கள் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், ஆளை அவர்கள் உருவாக்கட்டும். டிரெட்டில் கேரக்டர் ஷீட்டுக்குப் பதில் ஒரு கேள்வித்தாள்தான். இந்த முறையை எந்த ஆட்டத்துக்கும் கடன் வாங்கலாம். "உங்கள் வயது என்ன?" போன்ற கேள்விகள் உதவாது. பதில் சொல்லும்போதே கதை முளைக்கிற கேள்வியாக இருக்க வேண்டும்: "நீங்கள் ஏன் இப்போதெல்லாம் உங்கள் தங்கையோடு பேசுவதில்லை?" "பையில் எப்போதும் வைத்திருக்கும் அந்தப் பொருளை ஏன் யாரிடமும் காட்ட மாட்டீர்கள்?" "இங்கே இருக்கும் மூவரில் யாரை நீங்கள் நம்பவில்லை?" ஐந்து கேள்வி போதும், பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். அந்தப் பதில்களை வாங்கிப் படித்துவிட்டு, நடுராத்திரியில் அந்தத் தங்கையின் குரலைக் கதவுக்கு வெளியே கேட்கவையுங்கள். உங்கள் வேலை பாதி முடிந்தது.

கதைக்கு எங்கே போவது? நானே எழுத வேண்டுமா?

அச்சான கதையை எடுத்து ஆடுவதில் ஒரு குறையும் இல்லை. நீங்களே எழுதுவதென்றால் நாவல் எழுத உட்கார வேண்டாம். மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: ஏன் இவர்களால் இடத்தை விட்டுப் போக முடியவில்லை? இங்கே இருக்கும் பேய்க்கு என்ன வேண்டும்? அதை எப்படி நிறுத்தலாம்?

நான் இரண்டு தடவை ஆடிய கதையையே சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இடம், பூட்டும் நேரத்து நூலகம். உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு காவலாளி, ஒரு மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வெளிக்கதவைத் திறந்தால் மறுபக்கமும் அதே வாசிப்பு அறைதான். மேசைமேல் கிடக்கும் புத்தகத்தின் கடன் சீட்டில் இவர்கள் மூவரின் பெயரும் எழுதியிருக்கிறது, திருப்பித் தர வேண்டிய நாள் இன்று. ஆனால் யாரும் அப்படி ஒரு புத்தகத்தை எடுத்ததாக நினைவில்லை. இறந்துபோன பழைய நூலகர் ஒருவருக்கு, பல வருடம் முன்பு திருட்டுப்போன வேறொரு புத்தகம் திரும்ப வர வேண்டும். அது கட்டடத்துக்குள்ளேயேதான் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்துச் சரியான அலமாரியில், சரியான இடத்தில் செருகினால் கதவு திறக்கும். தவறான இடத்தில் செருகினால் என்ன ஆகும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது துப்பு. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்பவர் எழுதிப் பிரபலமான விதி ஒன்று உண்டு: ஆடுகிறவர்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வையுங்கள். ஒன்றைப் பார்க்கவே மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில் பிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு துப்பை வைத்துவிட்டு அது பகடையில் தவறிப்போய், நாற்பது நிமிடம் எல்லாரும் ஒரே அறையைச் சுற்றிச்சுற்றி வந்த அனுபவம் எனக்கு உண்டு. பேய்க்கே அலுத்திருக்கும்.

எல்லாம் சரி, ஆடும்போது உண்மையில் எப்படி இருக்கும்? ஒரு காட்சி சொல்லுங்கள்.

அதே நூலகக் கதை, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம். மாணவியாக ஆடியவருக்கு அன்றுதான் முதல் ஆட்டம், அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

நான்: "வாசிப்பு அறை இருட்டா இருக்கு. நீளமான மேசை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலயும் ஒரு மேசை விளக்கு. எல்லாம் அணைஞ்சிருக்கு. என்ன பண்றீங்க?"

காவலாளி: "டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன். யாராவது இருக்காங்களா?"

நான்: "யாரும் இல்லை. ஒரே ஒரு நாற்காலி மட்டும் பின்னால தள்ளியிருக்கு."

மாணவி, தயங்கித் தயங்கி: "அந்த நாற்காலிக்கு முன்னாடி இருக்கிற விளக்கு... அந்த பல்பைத் தொட்டுப் பார்க்கலாமா?"

என் குறிப்புகளில் பல்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஒரு நொடி யோசித்தேன்.

நான்: "சூடா இருக்கு."

மேசையில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆசிரியர் சொன்னார்: "நான் வெளியிலயே நிக்கிறேன்பா."

இவ்வளவு நேரமும் பகடை உருளவில்லை, எந்த ரூலும் வேலை செய்யவில்லை. புதியவர் ஒருவர், நிஜத்தில் தான் அங்கே நின்றால் என்ன செய்வாரோ அதைச் சொன்னார். பழகிய ஆட்டக்காரராக இருந்தால் "சுற்றிப் பார்க்கிறேன், உருட்டவா?" என்று கேட்டிருப்பார். பல்பைத் தொட அவருக்குத் தோன்றியிருக்காது.

எனக்கு நடிக்க வராது. குரலை மாற்றிப் பேசியே ஆகவேண்டுமா?

வேண்டாம். "என் கேரக்டர் அவரிடம் சாவியைக் கேட்கிறார்" என்று சொன்னாலே போதும். குரல் மாற்றிப் பேசப் பிடித்தவர் பேசட்டும். வீடியோவில் தொழில்முறை நடிகர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு "நாம அப்படி இல்லையே" என்று குறுகிப்போகிறவர்கள் நிறையப் பேர். அது நடிகர்களின் பிழைப்பு, இது உங்கள் சாயங்காலம்.

பயத்தை எப்படி வரவழைப்பது?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள். பேயைக் காட்டுவதைவிட ஆளை அரளவைப்பதுதான் முக்கியம், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

அதனால் பேயை வருணிக்காதீர்கள். எட்டடி உயரம், சிவந்த கண், கோரைப்பல் என்று சொன்ன மாத்திரத்தில் அது படம் போட்ட அட்டை ஆகிவிடும். வழக்கமான ஒரு பொருளில் ஒரே ஒரு விஷயம் தப்பாக இருக்கட்டும். அணைந்த விளக்கில் சூடான பல்ப் மாதிரி. ஈரமே இல்லாத தரையில் ஈரமான கால்தடம், அதுவும் வெளியே போவது மட்டும், உள்ளே வந்ததாக ஒன்றுமில்லை. கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்லாமல் வாசனையையும் குளிரையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்பத் துடிக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வதுதான் கேம் மாஸ்டரின் கடினமான வேலை.

இன்னொரு தந்திரம், கேள்வியைத் திருப்பிக் கேட்பது. "அலமாரிக்குப் பின்னாடி என்ன இருந்துடக் கூடாதுன்னு உங்க கேரக்டர் நினைக்கிறார்?" அவர் சொல்லும் பதில் நீங்கள் எழுதிவைத்ததைவிட நிச்சயம் மோசமானதாக இருக்கும். எழுதிவைத்ததை ஓசைப்படாமல் கிழித்துப்போடுங்கள்.

வெளிச்சம் பற்றி ஓர் எச்சரிக்கை. சூழல் வேண்டுமென்று ஒரு வருடம் எல்லா விளக்கையும் அணைத்தேன். பகடையில் விழுந்தது ஆறா ஒன்பதா என்று தெரியாமல் ஆளாளுக்கு போன் டார்ச் அடிக்க, திகில் காட்சி பவர் கட் காட்சியாகிவிட்டது. மேசைமேல் ஒரு விளக்கு எரியட்டும், மற்ற இடம் இருட்டாக இருக்கட்டும். நிஜ மெழுகுவர்த்தி வைத்தால் திரைச்சீலையையும் காகிதத்தையும் தள்ளிவையுங்கள். பேட்டரியில் எரிவதும் கிடைக்கிறது. பின்னணி இசையில் பாட்டு வரிகள் வேண்டாம், சத்தமும் மெல்லியதாக இருக்கட்டும். முழுசாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடுங்கள். நான் கேட்காமல் போட்ட ஒன்றில் நாற்பதாவது நிமிடம் விளம்பரம் வந்தது.

யாராவது நிஜமாகவே பயந்துவிட்டால், அல்லது மனம் நொந்துவிட்டால்?

இதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும், இதில் மட்டும் விளையாட்டு கூடாது. பயப்படத்தான் வந்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் பேயைப் பார்த்துப் பயப்படுவது வேறு, சமீபத்தில் வீட்டில் நடந்த சாவு மேசையில் வந்து நிற்பது வேறு.

ஆட்டக்காரர்களிடையே இரண்டு முறைகள் புழக்கத்தில் உண்டு. முதலாவது கோடும் திரையும், ரான் எட்வர்ட்ஸ் எழுதியது. கோடு என்பது கதைக்குள் வரவே கூடாதது. திரை என்பது கதையில் இருக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாது, காட்சியை அங்கேயே வெட்டிவிட வேண்டும். தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள். கூட்டத்தில் சொல்லத் தயங்குவார்கள் என்பதால் நான் முந்தின நாளே தனித்தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டுவிடுகிறேன். குழந்தைகளுக்குக் கேடு, விலங்குகளை வதைப்பது, தற்கொலை ஆகிய மூன்றையும் யாரையும் கேட்காமலேயே கோட்டுக்கு அப்பால் வைத்துவிடுவேன். அவை இல்லாமலே நூலகம் போதுமான அளவு பயமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது எக்ஸ் கார்டு, ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கியது. ஓர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைக்க வேண்டும். யாருக்காவது ஏதாவது தாங்கவில்லையா, அதைத் தொட்டால் போதும். அந்த விஷயம் கதையிலிருந்து நீங்கிவிடும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அட்டையை வைத்தால் திகில் நீர்த்துப்போகும் என்று முதலில் நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. பிரேக் இருக்கிறது என்று தெரிந்தவர் வண்டியை வேகமாக ஓட்டுகிறார்.

பிள்ளைகளோடு ஆடலாமா?

ஆடலாம். சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக ஆடுவார்கள், தயக்கம் என்பதே கிடையாது. பேய்க்கு ஒரு கஷ்டம் இருக்கட்டும், பிள்ளைகள் அதைத் தீர்த்துவைக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். சாவு வேண்டாம். படுக்கப்போகும் நேரத்துக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரவு விழித்திருக்கப்போவது நீங்கள்தான்.

கேரக்டர் பாதியிலேயே செத்துவிட்டால் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பாரே?

முதல் ஒன்றரை மணி நேரம் யாரையும் கொல்லாதீர்கள். காயம், காணாமல்போதல், கையில் இருந்தது பறிபோதல் என்று வேறு விலைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு செத்தால் அவரைப் பேயின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். "இனி நூலகர் பேசும்போதெல்லாம் நீங்கதான் பேசணும்" என்று காதில் சொல்லிப் பாருங்கள். முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களும் சாக வரிசையில் நிற்பார்கள்.

ஒருவர் வாயே திறப்பதில்லை, இன்னொருவர் மூடுவதில்லை. என்ன செய்ய?

பேசாதவரிடம் "நீங்க என்ன பண்றீங்க?" என்று வெட்டவெளியாகக் கேட்டால் இன்னும் ஒடுங்குவார். கையளவு கேள்வியாகக் கேளுங்கள்: "மாடியில சத்தம் கேட்குது. நீங்க படிக்கட்டுப் பக்கம் நிக்கிறீங்க. மேலே பார்க்கிறீங்களா, கீழேயே இருக்கீங்களா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது எளிது. அதோடு, சிலர் கேட்டுக்கொண்டே ரசிப்பவர்கள். அவர்களைக் குடைய வேண்டாம்.

மூடாதவரின் கேரக்டரைத் தனி அறையில் பூட்டிவிடுங்கள். கதைக்குள்தான்.

பயமே வரவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பயத்தில் பாதிப் பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். "கொஞ்சம் சீரியஸா ஆடுங்கப்பா" என்று கேட்டால் சிரிப்பும் போகும், பயமும் வராது. அந்த இரவு காமெடிப் பேய்க்கதையாகவே முடிந்தால் என்ன குறைந்துவிட்டது?

சிறப்புப் பகடையெல்லாம் வாங்க வேண்டுமா?

முதல் இரவுக்கு வேண்டாம். மரக்கட்டைக் கோபுரமோ, சாதாரண அறுமுகப் பகடை இரண்டோ போதும். ஆர்.பி.ஜி.க்கென்று விற்கும் ஏழு பகடைத் தொகுப்பில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்றும், 10 முகம் கொண்டவை இரண்டும் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து உருட்டினால் நூறுக்குள் ஓர் எண் கிடைக்கும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபது முகப் பகடையை ஒருமுறை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தவர் ஒன்றோடு நிற்பதில்லை. என் மேசை இழுப்பறையைத் திறந்தால் நான் சொல்வது புரியும்.

புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே. தமிழில் ஆட முடியுமா?

நடத்துகிறவர் ஒருவர் படித்தால் போதும், மேசையில் எந்த மொழி வேண்டுமானாலும் பேசலாம். திகிலுக்குத் தாய்மொழிதான் தோது. கனவில் கத்துகிற மொழியில் பயமுறுத்தினால்தான் ஏறும். பகடை, ஷீட், கேரக்டர் என்று பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத்தான் பேச்சு ஓடும், ஓடட்டும்.

இது பேய் பிசாசைக் கூப்பிடுகிற வேலை இல்லையே?

இல்லை. இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. 1980-களில் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினால் சாத்தான் வழிபாட்டில் கொண்டுபோய் விடும் என்று பெரிய கூச்சல் கிளம்பியது. எதிர்க்கவென்றே 1983-இல் ஓர் அமைப்பும் தொடங்கினார்கள். காலப்போக்கில் கூச்சல் அடங்கியது, ஆட்டம் நிலைத்தது. வீட்டில் பெரியவர்கள் கவலைப்பட்டால் பக்கத்தில் உட்காரவைத்து அரைமணி பார்க்கவிடுங்கள். பெரும்பாலும் "அந்த அலமாரியைத் தேடுங்களேன்" என்று அவர்களே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். வீடியோ காலில் ஆடலாமா?

ஆடலாம், கோபுரம் மட்டும் முடியாது. பகடை ஆட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பயம் மேசையில் வருவதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் ஒரு சௌகரியம் உண்டு: ஒருவருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பலாம். "உங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள். மற்றவர்களிடம் சொல்வீர்களா?"

ஆட்டம் முடிந்தது, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அடுத்து?

உடனே விளக்கைப் போட்டு வழியனுப்பிவிடாதீர்கள். கால்மணி நேரம் சும்மா பேசுங்கள். "அந்த இடத்துல நான் கதவைத் திறந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவரவர் எழுதிய கேள்வித்தாளை அவரவரே எடுத்துப்போகட்டும். செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள், "பேசிக்கலாம்" என்று விட்டால் அடுத்த அக்டோபர்தான்.

இன்னொன்று, யாராவது "இதை நானே நடத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டால் உங்கள் குறிப்புகளை அப்படியே கொடுத்துவிடுங்கள். பல்பைத் தொட்டுப் பார்த்தவர் மறுவருடம் அதைத்தான் கேட்டார். அந்த ஹாலோவீனுக்கு அவர் நடத்தினார், நான் ஆடினேன். என் கேரக்டர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாற்பதாவது நிமிடத்தில் கோபுரத்தைச் சாய்த்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க லிஃப்டுக்குள்ளிருந்து மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.